நாளைக்கும் ஓட வேண்டிய கால்கள்

14-ஆம் நூற்றாண்டில் முகம்மது பின் துக்ளக்கின் ஆட்சிக்காலத்தில் இந்தியாவுக்கு வந்த மொராக்கோ பயணி இபின் பதூதா, இங்கே தபால் ஓடிய விதத்தை வியந்து எழுதியிருக்கிறார். குதிரைத் தபால் ஒன்று, ஆட்கள் ஓடிக் கொண்டுபோகும் தபால் ஒன்று. ஓட்டக்காரனின் ஒரு கையில் கடிதம். மறு கையில் உச்சியில் செப்பு மணிகள் கட்டிய கோல். மணிச் சத்தம் காதில் விழுந்ததுமே அடுத்த சாவடியில் இருப்பவன் தயாராகி நின்றுவிடுவான். குதிரையைவிட இந்த ஓட்டம்தான் விரைவு என்கிறார் பதூதா.

விரைவின் காரணம் எளிது. மைலுக்கு மூன்று சாவடிகள். ஒருவன் ஓட வேண்டிய தூரம் 500 மீட்டரைச் சுற்றித்தான். அதற்கு முழு மூச்சையும் செலவழிக்கலாம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் பிற்காலத்தில் தபால் சுமந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. மைசூரில் 1673 முதல் 1704 வரை ஆண்ட சிக்கதேவராய உடையார் தம் நாட்டில் அஞ்சே என்ற தபால் முறையை ஏற்படுத்தினார். அவர் காலத்தில்தான் சேலம், நாமக்கல் பகுதிகளும் மைசூரின் கைக்குப் போயின. நூறாண்டு கழித்து, 1792-இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்தை ஏற்றார். அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ 1799 வரை தருமபுரிப் பக்கம் இருந்து, வயல் வயலாக அளந்து வரி நிர்ணயித்தார். உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டது அந்த வேலை. கணக்கும் உத்தரவும் விளக்கமும் ஓயாமல் போய்வந்தால்தான் அப்படி ஒரு நிர்வாகம் நடக்கும். அவற்றைச் சுமந்தவை ஓட்டக்காரர்களின் தோள்கள். மன்றோவின் பெயர் சென்னையில் குதிரைச் சிலையாக நிற்கிறது. அவருடைய கடிதப் பையைச் சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

சென்னையில் தலைமைத் தபால் நிலையம் 1786-லேயே ஏற்பட்டிருந்தது. அங்கிருந்து கிளம்பிய பைகள் பெருவழிகளில் ஆள் மாற்றி ஆள் மாற்றி நகர்ந்தன. கம்பெனி காலத்தில் தப்பால்காரர் எனப்பட்ட ஓட்டக்காரர் ஒருவரின் பங்கு ஐந்து மைல், சில வழிகளில் எட்டு மைல் வரை. போய்ப் பையை ஒப்படைத்தால் ஆயிற்றா என்றால் இல்லை. எதிர்த்திசைப் பையோடு திரும்ப வேண்டும். மறுநாளும் அதே வழி, அதே பை. மழைக்கும் விடுப்பு இல்லை, கத்திரி வெயிலுக்கும் இல்லை.

இப்படி ஓடுகிறவர் எந்த வேகத்தில் ஓடுவார்? ஏறக்குறைய மணிக்கு நான்கிலிருந்து ஐந்து மைல் என்பதுதான் அந்தக் காலத் தபால் ஓட்டத்தின் சராசரி. இன்றைய கணக்கில் சொன்னால் ஒரு கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் முதல் ஒன்பதேகால் நிமிடம். இன்று காலையில் மைதானத்தைச் சுற்றும் நடுத்தர வயதுக்காரர் ஒருவரின் கைக்கடிகாரம் காட்டும் எண்ணும் இதற்குள்தான் இருக்கும். பந்தயக்காரர்கள் இதை ஓட்டம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் சாம்ராஜ்யத்தின் அலுவல் முழுக்க இந்த வேகத்தை நம்பித்தான் நடந்தது. துக்ளக்கின் ஆள் அடுத்த சாவடிக்காக ஓடினான். சேலத்துத் தப்பால்காரர் நாளைக்கும் ஓட வேண்டும் என்பதற்காகத் தன் கால்களை அடக்கி ஓடினார். நிதானம் அவருக்கு வேலையின் நுணுக்கம்.

அவர் கையில் இருந்தது ஈட்டி முனையும் சலங்கைகளும் கொண்ட கோல். பை அந்தக் கோலின் பின்முனையில் தொங்கும். கோல் தோளில் சாய்ந்திருக்கும். தோள் நோவெடுத்தால் ஓட்டத்தை நிறுத்தாமலே மறு தோளுக்கு மாற்றிக்கொள்வார். அடி விழும் ஒவ்வொரு முறையும் சலங்கை குலுங்கும். வழியில் இருப்பவர்கள் ஒதுங்க அது போதும். புதரில் படுத்திருக்கும் பாம்புக்கும் அதுவே எச்சரிக்கை. காட்டு வழிகளில் இரவில் தீவட்டிக்காரர் துணைக்கு வருவதும் உண்டு. சலங்கைக்கு இன்னொரு பயனும் இருந்திருக்க வேண்டும் என்று ஓடிப் பழகியவர்களுக்குத் தோன்றும்: சீரான சத்தம் காலைச் சீராக்கும்.

1854 அக்டோபரில் நாடு முழுக்க ஒரே கட்டணம் வந்தது. கால் தோலா எடைக் கடிதத்துக்கு அரையணா, எவ்வளவு தூரம் போனாலும். 1862-இல் சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கரைப் பேப்பூர் வரை ரயில் பாதை முடிந்தபோது பெருவழி ஓட்டக்காரருக்கு வேலை சுருங்கியது. ஆனால் இந்தப் பகுதிக்கு ரயில், சேலம் நிலையம் இருக்கும் சூரமங்கலத்தோடு நின்றுவிடுகிறது. கடிதம் அங்கே நிற்க முடியாதே. ராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் கால்களும் வண்டிகளும்தான் கொண்டுபோயின. நாமக்கல் ஊருக்கு ரயில் வந்தது 2013-இல்தான் என்றால் இன்று பலர் நம்ப மாட்டார்கள். அதற்குள் அந்த ஊர் லாரிக்குப் பெயர்போனதாகிவிட்டது. பாடி கட்டும் பட்டறைகளும் டேங்கர் லாரிகளும், பக்கத்துத் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் பெருகின. இரண்டு தலைமுறைக்குள் இந்தச் சமவெளியில் கால்களின் வேலையைச் சக்கரங்கள் எடுத்துக்கொண்டன.

வேலை போனாலும் வழக்கம் ஓரிடத்தில் தங்கியது. எடப்பாடிப் பருவதராஜகுலத்தார் தைப்பூசத்தை ஒட்டிக் காவடி எடுத்துப் பழனிக்கு நடக்கிறார்கள். 350 ஆண்டுகளுக்கு மேலான வழக்கம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. எடப்பாடிக்கும் பழனிக்கும் நேர்கோடு போட்டாலே ஏறக்குறைய 130 கிலோமீட்டர். இடையில் காவிரியைக் கடக்க வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள், கிழவர்களும் குழந்தைகளும் கூடவே. மலை மேல் ஓர் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. வேறு யாருக்கும் இல்லை. தங்கள் பஞ்சாமிர்தத்தையும் அவர்களே டன் கணக்கில் பிசைகிறார்கள். வாழைப்பழம் ஒரு பக்கம் மலையாகக் குவிய, சர்க்கரையும் பேரீச்சையும் கற்கண்டும் தேனும் நெய்யும் ஏலமும் சேர்கின்றன. காவடிக்காரர்கள் ஆட்டமும் ஓட்டமுமாகப் போவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேளம் சூடு பிடித்தால் வேகம் ஏறும், உடனே இறங்கும். கூட்டத்தில் மெதுவாக வருகிறவரின் கால்தான் நாளின் தூரத்தைத் தீர்மானிக்கிறது. நெடுந்தூரம் போகிறவர்களிடம் பல தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு இது. இதை யாரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை.

ஏட்டில் எழுதியவர்கள் வேறு கண்டங்களில் இருந்தார்கள். நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் பயிற்றுவித்த பீட்டர் ஸ்னெல்லும் மர்ரே ஹால்பெர்க்கும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். அவர் பயிற்சியின் அடிப்படை மெதுவான நெடுந்தூர ஓட்டம். அதே முறையை ஆக்லாந்தில் இதய நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் அவர் எடுத்துச் சென்றார். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. 1962-இல் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், எழுபதைத் தாண்டிய ஒருவரோடு ஓடி மூச்சு வாங்கிப் பின்தங்கினார். ஊர் திரும்பி அவர் தொடங்கி வைத்த பழக்கமும் 1967-இல் வந்த அவர் புத்தகமும் ஜாகிங்கை உலகெங்கும் பரப்பின. ஜப்பானின் ஃபுகுவோகாவில் பேராசிரியர் ஹிரோவாகி தனாகா இன்னும் எளிமையாக்கினார்: முகத்தில் புன்னகை மாறாமல் ஓட முடிந்தால் அதுவே சரியான வேகம். கோபன்ஹேகனில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு ஒன்று முதல் 2.4 மணி நேரம் வரை மிதமாக ஓடுகிறவர்களிடையே இறப்பு விகிதம் மிகக் குறைவு என்று காட்டியது. அதில் கடுமையாக ஓடியவர்களின் எண்ணிக்கை சொற்பம் என்பதால், வேகம் கெடுதல் என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. மெதுவாக ஓடுவது வீண் அல்ல என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

தமிழ்நாட்டில் இந்த மகிழ்ச்சி ஓட்டம் வேர்விட்டது மிக அண்மையில். 2008-இல் தொடங்கிய ஆரோவில் மாரத்தானில் பரிசு கிடையாது; செம்மண் காட்டுப் பாதையில் ஓடும் இன்பமே போதும் என்பது ஏற்பாடு. அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன் நூற்றுக்கு மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியிருக்கிறார். 2023 நவம்பரில் ஒவ்வொரு மாவட்டத்திலும் எட்டு கிலோமீட்டர் நடைப்பாதை குறிக்கும் திட்டம் தொடங்கியபோது சேலமும் நாமக்கல்லும் அதில் இருந்தன. எட்டு கிலோமீட்டர் என்பது ஐந்து மைல்: ஒரு தப்பால்காரரின் பங்கு. திட்டம் போட்டவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள்.

சேலத்தில் ஓடுகிறவர் நாற்பது டிகிரி வெயிலைக் கணக்கில் வைத்தாக வேண்டும். சித்திரை, வைகாசியில் காலை ஏழுக்கெல்லாம் தார்ச்சாலை சூடேறிவிடும் என்பதால் காந்தி மைதானத்துப் பக்கம் ஐந்து மணிக்கே ஆட்கள் வந்துவிடுகிறார்கள். மாமனும் மருமகனுமாகச் சிலர், தறிப்பட்டறைக் கணக்கைப் பேசிக்கொண்டே சிலர். பேச்சு அறுந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். யாராவது ஒருவர் “அட, பையப் போலாம்ப்பா” என்பார். ஊக்கம் கூடியவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டு அடிவாரத்துக்குப் போகிறார்கள். அங்கிருந்து மேலே ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஊரிலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். சமவெளியில் சோம்பல் என்று தோன்றும் அந்த மணிக்கு நாலு மைல், அந்த ஏற்றத்தில் எட்டிப் பிடிக்க வேண்டிய வேகமாகிவிடுகிறது.