240 வோல்ட்டில் வளர்ந்த நாதம்

மலேசியாவில் ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) உள்ள மின்கித்தாரை ஆம்பில் செருகி ஒலியைக் கூட்டினால், கம்பியில் விரல் படும் முன்பே ஒரு சுரம் கேட்கும். அது கித்தாரின் சுரம் அல்ல, சுவரிலிருந்து வரும் சுரம். இந்நாட்டின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ், ஆறாம் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் பிறக்கும் ஜி சுரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. ஜி என்பது 98 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அதே இரைச்சல் 120-இல், ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் இடையே எதிலும் ஒட்டாமல் முனகும். ஆக, நாடு மாறினால் கித்தாரின் இரைச்சல்கூட சுருதி மாறுகிறது.

மின்கித்தாரின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விரல்களைப் பற்றியும் பாடல்களைப் பற்றியும்தான் சொல்கிறார்கள். மலாயாவில் அந்தக் கதையில் விரல்களுக்கு நிகராக மின்கம்பத்துக்கும் பங்கு உண்டு.

அந்தக் கதையை ஒரு தோட்டப்புறத்திலிருந்து தொடங்கலாம். கோலா சுங்கை பாரு, மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில் நீரிணைக் கரையோரம் இருக்கும் சிறிய ஊர். தெற்கே தஞ்சோங் பிடாரா கடற்கரை, உள்ளே தள்ளி மஸ்ஜித் தானா, வடக்கே லிங்கி ஆற்றைக் கடந்தால் நெகிரி செம்பிலான். சுங்கை பாரு தோட்டமும் அதன் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளியும் இந்த வட்டாரத்தில் தமிழர் வேர்பிடித்த கதையைச் சொல்லும். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் முதலில் பயிரானது இதே மாநிலத்தில்தான். தான் சாய் யான் என்பவர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் கன்றுகளை நட்டார். மரம் சீவிப் பால் எடுத்தவர்களின் லயங்களில் அப்போது கேட்டது உறுமியும் உடுக்கையும் தாலாட்டும். பிறகு ஹார்மோனியமும் தபேலாவும் கிராமபோனும் வந்து சேர்ந்தன.

அந்தப் பாலுக்கும் கித்தாருக்கும் ஒரு மறைமுக உறவு உண்டு. பிளாஸ்டிக் உறை பரவும்வரை மின்கம்பியின் மேல் சுற்றியிருந்தது பெரும்பாலும் ரப்பர்தான். மலாயாவின் வெள்ளீயமோ, ஆம்பின் உள்ளே கம்பிகளை ஒட்டவைக்கும் பற்றாசில் பாதிக்கும் மேல். லண்டனிலோ கலிஃபோர்னியாவிலோ செய்த பெட்டி இங்கே விலை உயர்ந்த சரக்காகத் திரும்பி வந்தபோது, அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

மின்கித்தார் பிறந்ததும் வெப்பமண்டலத் தீவு ஒன்றின் இசையால்தான். 1920களில் அமெரிக்காவை ஆட்டிப்படைத்த ஹவாய் கித்தாரின் ஒலி, நடனக் கூடங்களின் சத்தத்தில் காணாமல் போனது. ஜார்ஜ் பியூசாம்ப் 1930களின் தொடக்கத்தில் வார்த்த அலுமினியத்தில் ஒரு ஹவாய் கித்தார் செய்யவைத்தார். குதிரைலாட வடிவக் காந்தம் இரண்டு, நடுவில் செப்புக்கம்பிச் சுருள். அதன் உருவத்தைப் பார்த்து மக்கள் வைத்த பெயர் ‘வாணலி’. ரிக்கன்பேக்கர் நிறுவனம் அதை விற்றது. காப்புரிமை கிடைக்க 1937 ஆனது.

அன்றைய தத்துவம் இன்றும் மாறவில்லை. காந்தம் தன் மேலுள்ள எஃகுக் கம்பியையும் காந்தமாக்குகிறது. கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவு, சுருளில் ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்கு அளவில் மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. தலைமுடியைவிடச் சற்றே மெல்லிய கம்பி, ஏறக்குறைய 8,000 சுற்று. சுற்றைக் கூட்டினால் ஒலி தடிக்கும், பலக்கும், ஆனால் உச்சிக் கூர்மை மங்கும். குறைத்தால் கண்ணாடிபோலத் தெளியும். இடமும் முக்கியம். பாலத்துக்கு அருகே கம்பியின் அசைவு சிறியது, மேல் சுரங்கள் தூக்கலாகக் கேட்கும், ஒலி கூராக வெட்டும். கழுத்துப் பக்கம் அது உருண்டு திரண்டு வரும். ஒரே கித்தார், ஒரே விரல், ஒரு சுவிட்சைத் தட்டினால் வேறு ஆள் வாசிப்பதுபோல் இருக்கும்.

இந்தச் சுருளுக்கு ஒரு கெட்ட குணம்: கம்பியின் அசைவை மட்டுமல்லாமல், பக்கத்தில் ஓடும் எந்த மின்சாரத்தையும் கேட்டுவிடும். ஃப்ளோரசென்ட் விளக்கு, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாமே அதற்குச் சங்கீதம். கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் 1955-இல் இதற்கு மருந்து கண்டார். சுருளை இரண்டாக்கி, காந்த முனையையும் சுற்றும் திசையையும் எதிரெதிராக வைத்தார். கம்பியின் ஒலி இரண்டிலும் கூடுகிறது, வெளி இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. அதுதான் ஹம்பக்கர். இரைச்சலோடு கொஞ்சம் கூர்மையும் போய், தடித்த, கனிந்த ஒரு நாதம் மிஞ்சியது. இரைச்சலை ஒழிக்கச் செய்த கருவி பின்னாளில் ராக் இசையின் குரலாகவே ஆகும் என்று லவர் நினைத்திருப்பாரா என்ன?

மலாயாவில் இந்த நாதம் பரவியதற்கு ஒரு தேதி சொல்ல வேண்டுமானால் 1961 நவம்பரைச் சொல்லலாம். கிளிஃப் ரிச்சர்டும் ‘ஷாடோஸ்’ குழுவும் சிங்கப்பூர் வந்து வாசித்தார்கள். ஷாடோஸின் ஹேங்க் மார்வின் கையில் அமெரிக்க ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். பிரிட்டன் 1951 முதல் 1959 வரை அமெரிக்க இசைக்கருவிகளுக்குத் தடை போட்டிருந்தது. தடை விலகியதும் ரிச்சர்ட் வரவழைத்துக் கொடுத்தது அது. பின்னால் நின்றது பிரிட்டிஷ் வாக்ஸ் ஆம்ப். ஒற்றைச் சுருள் பிக்கப்பின் கூர்மை, வாக்ஸின் மினுமினுப்பு, எதிரொலிப் பெட்டியின் நீளம் மூன்றும் சேர்ந்ததே 1960-இன் ‘அப்பாச்சி’ ஒலி. பாடகர் இல்லாமலே கித்தார் பாடும் என்று தீபகற்பத்து இளைஞர்களுக்குக் காட்டியது அதுதான்.

பிறகு ஊர் ஊருக்கு ‘குகிரான்’ குழுக்கள் முளைத்தன. கும்புலான் கித்தார் ரஞ்சாக் என்ற மலாய்த் தொடரின் சுருக்கம் அது. லீட் கித்தார், ரிதம் கித்தார், பேஸ், டிரம்ஸ், பாடகர் என்று ஐந்து பேர். பீட்டில்ஸின் ‘யே யே’ கூச்சல் சேர்ந்ததும் இசைவகைக்கே ‘போப் யே யே’ என்று பெயர் நிலைத்தது. சிங்கப்பூர் மலேசியாவோடு இணைந்திருந்த 1964-இல், ‘குவெஸ்ட்ஸ்’ குழுவின் ‘ஷாண்டி’ என்ற வாத்திய இசைத்தட்டு அங்கே பீட்டில்ஸையே முதலிடத்திலிருந்து இறக்கியது. அந்தக் குழுவின் லீட் கித்தார் கலைஞர் ரெஜி வர்கீஸ், இந்திய வம்சாவளியினர்.

ஏன் எல்லோருக்கும் பிரிட்டிஷ் ஒலியே படிந்தது? வானொலி, இசைத்தட்டு என்று காரணங்கள் அடுக்கலாம். ஆனால் சுவரைப் பார்த்தால் இன்னொரு விடை கிடைக்கும். ஆங்கிலேயர் இழுத்த கம்பியில் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், லண்டனில் உள்ளது அப்படியே. வாக்ஸ், செல்மர் போன்ற ஆம்புகளைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் செருகலாம். அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப் 117 வோல்ட்டுக்குச் செய்தது. இடையில் ஓர் இறக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். வைத்தாலும் 60 ஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்ட ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் இரும்பு, 50-இல் கூடுதலாகச் சூடேறும். ஜப்பானியப் பெட்டிகளுக்கு 100 வோல்ட். காலனி ஆட்சி காதுக்குள்ளும் கம்பி இழுத்துவிட்டுப் போனது என்றால் மிகையில்லை.

தோட்டங்களின் கதை இதிலிருந்து வேறு. நகரத்துக்குத் தேசிய மின்சார வாரியம் இருந்தது. தோட்டத்துக்குப் பெரும்பாலும் தோட்டத்தின் சொந்த ஜெனரேட்டர்தான். மாலையில் சில மணி நேரம் ஓடும், துரை வீட்டுக்கும் ஆலைக்கும் முதல் உரிமை. திருவிழா இரவில் மேடை விளக்கு, ஒலிபெருக்கி, கித்தார் எல்லாம் ஒன்றாக இழுத்தால் மின்னழுத்தம் இறங்கும். வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்பில் அது நேராகக் கேட்கும். வோல்ட் குறைந்தால் வால்வு சீக்கிரம் திணறும், ஒலி அமுங்கி, ஓரம் நைந்து, கரகரப்பாகும். 1970களின் இறுதியில் அமெரிக்காவின் எடி வான் ஹாலன் இதே விளைவுக்காக வேரியாக் என்ற கருவியால் தன் மார்ஷல் ஆம்பின் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்தார். தோட்டத்து ஜெனரேட்டர் அதை இலவசமாகத் தந்தது, கேட்காமலே.

மேடையில் ஆம்பே இல்லாத நிலையும் உண்டு. கித்தாரை நேராக மிக்சரில் செருகி, கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியில் விட்டால் என்ன ஆகும்? கித்தார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பெரிதாக விடாது. கரகரப்பின் முள்ளையெல்லாம் அதுதான் சீவி எறிகிறது. கூம்போ நேர் எதிர்: அடிநாதத்தை விழுங்கிவிட்டு, கீச்சை மட்டும் கோயில் தாண்டிக் கொண்டுபோகும். மெல்லிசைக் குழுவின் கித்தார் தகரம் தட்டுவதுபோல் ஒலித்திருந்தால், அதற்கு வாசித்தவரைக் குறை சொல்வது அநியாயம்.

இத்தனைக்கும் அந்தக் கித்தார் கலைஞரிடம் கேட்கப்பட்டது சாமானிய வேலை அல்ல. சென்னையில் ஒரு திரைப்பாடலுக்கு ஒரு கித்தார், ஓர் ஒலி என்று தேர்ந்து பதிவு செய்வார்கள். இளையராஜாவின் குழுவில் சதானந்தம், ஆர். சந்திரசேகர் போன்றவர்கள் இருந்தார்கள். 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வில் கேட்கும் கித்தார் சந்திரசேகர் வாசித்தது. மேடையில் அதை மின்கித்தாரில் கொண்டுவர வேண்டுமானால் கழுத்துப் பிக்கப்புக்குப் போய், டோன் குமிழைப் பாதி இறக்கி, நகத்தை விட்டு விரல் சதையால் மீட்ட வேண்டும். அடுத்த பாட்டு டிஸ்கோவாக இருக்கும். ஐந்து விநாடியில் எல்லாவற்றையும் திருப்ப வேண்டும்.

ஆம்பின் கரகரப்பு பிழையிலிருந்து பெருமைக்கு ஏறியது அதற்கும் முன்பே, 1960களில். 1964-இல் ‘கின்க்ஸ்’ குழுவின் டேவ் டேவிஸ் ஒரு சிறு ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கிழித்து அதைக் கறந்தார். அதற்கு முன்பே லண்டனின் ஹான்வெல் பகுதியில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், ஃபெண்டர் பாஸ்மன் ஆம்பின் சுற்றைப் பார்த்துத் தன் முதல் ஆம்பைச் செய்யவைத்திருந்தார். உள்ளூரில் கிடைத்த வால்வும், பின்பக்கம் மூடிய பெட்டியில் நான்கு செலஸ்டியன் ஸ்பீக்கரும் சேர்ந்து அதை மூலத்தைவிட முரடாக்கின. ஹம்பக்கர் கித்தாரும் மார்ஷலும் சேர்ந்த அந்தக் கூட்டணி 1980களில் மலேசியாவின் ‘ராக் கப்பாக்’ அலையில் முழு உருவம் கண்டது. ஜொகூர் பாருவின் ‘சர்ச்’, இடக்கையால் வாசிக்கும் மான் கிடாலின் ‘லெஃப்ட்ஹேண்டட்’ எல்லாம் அந்த வழி வந்தவை.

தமிழர்கள் இதில் வேறு இரண்டு திசைகளில் பெயர் பெற்றார்கள். பினாங்கில் 1960களின் இறுதியில் தொடங்கிய ‘அல்லிகேட்ஸ்’ குழுவின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் மலாய்ப் பாடல்களால் நாடு முழுதும் அறியப்பட்டார்கள். லோகநாதன் 2007-இல் மறைந்தார். அவர்கள் இசையில் கித்தார் குரலுக்கு இடம்விட்டு நிற்கும். தெளிந்த, இழையாத ஒலிதான் அங்கே பொருந்தும். ‘ப்ளூஸ் கேங்’ குழுவின் ஜிம் மாடசாமி கையில் எடுத்ததோ ப்ளூஸ். நெகிரி செம்பிலான் பேச்சுவழக்கில் அமைந்த ‘அப்போ நக் டிகாத்தோ’ அந்தக் குழுவின் அடையாளம். லிங்கி ஆற்றின் இரு கரையிலும் காதுக்கு அந்நியம் இல்லாத பேச்சு அது. ப்ளூஸுக்கு ஆம்பை உடையும் விளிம்பில் வைத்திருக்க வேண்டும். மெல்லத் தொட்டால் தெளிவு, அழுத்தினால் விம்மல். பெடல் போட்டு இதைச் செய்துவிடலாம்தான். ஆனால் விரலுக்கும் வால்வுக்கும் நடக்கும் அந்தப் பேச்சு அவ்வளவு நயமாக வராது என்பதே ப்ளூஸ் வாசிப்பவர்கள் பலரின் கட்சி.

வால்வின் காலம் இதற்குள் தளர்ந்துவிட்டது. 1975-இல் ரோலண்ட் கொண்டுவந்த ஜேசி-120 டிரான்சிஸ்டர் ஆம்ப், 120 வாட் சத்தத்திலும் உடையாத தெளிவோடு, கண்ணாடிக் குழாய் உடையும் பயமில்லாமல் ஏற்றி இறக்க வசதியாக இருந்தது. பிறகு கீபோர்டு வந்து கித்தாரின் பாதி வேலையைப் பறித்தது. தோட்டங்களில் ரப்பர் போய் செம்பனை வந்தது, லயத்துப் பிள்ளைகள் மலாக்காவுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்தார்கள். யோகி பியும் நட்சத்ராவும் 2006-இல் ‘வல்லவன்’ என்ற ராப் தொகுப்பை வெளியிட்டபோது மலேசியத் தமிழ் இளைஞரின் கருவி கணினியாகிவிட்டிருந்தது. அந்தக் கணினிக்குள்ளேயே கித்தார் ஆம்பும் குடியேறியது. 1998-இல் லைன் 6 நிறுவனத்தின் ‘பாட்’, 2011-இல் ஜெர்மனியின் கெம்பர் என்று பழைய வாக்ஸையும் மார்ஷலையும் எண்களாகப் போலிசெய்யும் பெட்டிகள் வந்தன. மஸ்ஜித் தானாவில் ஒரு வீட்டறையில் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, 1960-இன் எதிரொலியை இன்று யாரும் வரவழைக்கலாம்.

உண்மையான வால்வு ஆம்பை விடாமல் வைத்திருப்பவர்களுக்குத்தான் செலவு. வாக்ஸுக்கு ஈஎல்84, மார்ஷலுக்கு ஈஎல்34. தேய்ந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஒருகாலத்தில் இங்கிலாந்தின் முல்லார்ட் ஆலை குவித்த அந்தக் குழாய்கள் இப்போது பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்ற மூன்று நாடுகளிலிருந்துதான் வருகின்றன. 2022-இல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்திவைத்த சில வாரங்களில் உலகம் முழுதும் வால்வு விலை எகிறியது.