வாத்தியாருக்கு ஒரு இசை

எங்கள் பந்தல்குடிப் பக்கம் ஒரு வாத்தியார் பணி ஓய்வு பெற்றால் மாலை, சால்வை, வசூல் நன்றாக இருந்தால் ஒரு மோதிரம். அப்புறம் வேன் பிடித்து அவரை வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். பாட்டு வாத்தியாருக்கும் இதே மரியாதைதான். இசை சொல்லிக்கொடுத்தவருக்கு இசையையே திருப்பிக் கொடுப்பது நம் வழக்கத்தில் இல்லை. ஆர்கெஸ்ட்ரா என்றாலே இங்கே திருவிழா ராத்திரியில் சினிமாப் பாட்டுப் பாடுகிற கச்சேரிதானே.

அப்படிக் கொடுத்த ஒருவர் பெஞ்சமின் பிரிட்டன். 1937இல், 23 வயதில், தன் ஆசிரியர் ஃப்ராங்க் பிரிட்ஜ் எப்போதோ எழுதியிருந்த ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு தந்தி வாத்தியக் குழுவுக்காக அதைப் பலவிதமாக மாற்றி மாற்றி எழுதினார். ஒவ்வொரு மாற்றமும் ஆசிரியரின் ஒரு குணம்: ஆழம், வேகம், நகைச்சுவை, பரிவு. நடுவில் வால்ட்ஸ் வருகிறது, இத்தாலிய ஆப்பராவைக் கிண்டல் செய்கிற ஒரு பகுதியும் வருகிறது. பையன் குருவுக்கு முன்னால் கைகட்டி நிற்கவில்லை, கூடவே உட்கார்ந்து சிரிக்கிறான். அந்த ஆண்டே சால்ஸ்பர்க் விழாவில் அது அரங்கேறியது. பிரிட்ஜ் இறந்தது 1941இல். சீடன் தந்ததை வாங்கிக்கொள்ள அவர் உயிரோடு இருந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம்மிடம் குருபக்திக்கா குறைச்சல்? எங்கள் ஊர் வழியாகப் போகிற தூத்துக்குடி ரோட்டிலேயே போனால் எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் காலமானது அங்கேதான். அவருடைய முத்திரையே ‘குருகுஹ’. முருகனின் பெயர்தான், ஆனாலும் கையெழுத்துப் போடும்போதெல்லாம் ‘குரு’ என்ற சொல் வந்துவிடுகிறது. அவருடைய முதல் கீர்த்தனை என்று சொல்லப்படுவதும் குருவைப் பற்றியதே. அமைந்திருப்பது மாயாமாளவகௌளையில், அதாவது குழந்தைகளுக்கு முதல் பாடம் நடத்துகிற ராகத்தில்.

தந்தி வாத்தியக் குழுவை வைத்துத் தமிழர் ஒருவர் செய்த குருவணக்கம் என்று தேடினால், 1986இல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதில் முன்னால் நிற்கும். சமர்ப்பணம் இரண்டு பேருக்கு: தியாகராஜர், பாக். ஒருவர் 1847இல் போனவர், இன்னொருவர் 1750இல்.

அந்த பாக்கைப் பண்ணைப்புரத்துப் பையனுக்குக் காட்டிக்கொடுத்தவர் தன்ராஜ் மாஸ்டர். மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறை. அதற்குள் ஒரு பியானோ. மேற்கத்திய நொட்டேஷன், ஹார்மனி, கவுண்டர்பாயிண்ட் எல்லாம் அங்கேதான் நடந்தது. ஏ.ஆர். ரஹ்மானும் பின்னாளில் அவரிடம் படித்தவர். ராசையாவைச் சுருக்கி ‘ராஜா’ ஆக்கியதும் மாஸ்டர்தான். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது பஞ்சு அருணாசலம் அதற்கு முன்னால் ‘இளைய’ சேர்த்தார்.

மாஸ்டரைப் பற்றி இளையராஜா மேடைகளில் நன்றியோடு நிறையவே பேசியிருக்கிறார். ஆனால் பேச்சு வேறு, இசை வேறு. சினிமா வாத்தியக்காரர்களுக்கு நொட்டேஷன் சொல்லிக்கொடுத்தே காலத்தைக் கழித்த மனிதர்களின் கதையை நம் இசை வரலாறு ஒரு அடிக்குறிப்பாகக்கூட எழுதி வைக்கவில்லை. எனக்கு அதில்தான் வருத்தம்.

அந்தத் தொகுப்பில் ஒரு இசைத்துண்டுக்கு, பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த லாட்ஜ் அறைதான் ஞாபகத்துக்கு வரும். முதல் சந்திப்பு நடந்தது அங்கே அல்லவா.