மூணு மணி நேரப் பள்ளிக்கூடம்

இன்னைக்கு எபிசோட் ஒரு டைம்டேபிள் பத்தினது. கிராமத்து ஆரம்பப் பள்ளிகளோட டைம்டேபிளை மாத்தினாங்க. அதுல ஆரம்பிச்ச சண்டை பத்தே மாசத்துல முதலமைச்சரே மாறுற வரைக்கும் போச்சு.

'குலக்கல்வி'ங்கிற வார்த்தையை நீங்க கேட்டிருப்பீங்க. மேடையில, மீம்ல, தேர்தல் நேரத்துப் பதிவுகள்ல எல்லாம் வரும். "ராஜாஜி கொண்டு வந்தார், அப்பா தொழிலைப் பிள்ளை கத்துக்கணும்னார்" என்பதோட நாம நிறுத்திக்குவோம். அது சரிதான். ஆனா அந்த இடத்துக்கு எந்தக் கணக்கு வழியா வந்து சேர்ந்தாங்கன்னு பாத்தா, நம்மள மாதிரி சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவங்களுக்குக் கொஞ்சம் திக்குனு இருக்கும்.

1952 ஏப்ரலில் ராஜாஜி சென்னை மாநில முதலமைச்சர் ஆகிறார். அரசியல் சட்டம் அப்போதுதான் அமலுக்கு வந்திருந்தது. பத்து ஆண்டுகளுக்குள், 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி கொடுக்க அரசு முயல வேண்டும் என்று அதன் 45-ஆவது பிரிவு சொன்னது. நிலைமை என்னவென்றால், பள்ளிக்கு வர வேண்டிய வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள். கட்டடம் போதாது, ஆசிரியர்கள் போதாது, கஜானாவிலும் பணம் இல்லை.

நம்ம பாஷையில சொன்னா, லோடு ரெண்டு மடங்கு ஆகணும், புது சர்வர் வாங்க பட்ஜெட் இல்ல. நீங்க என்ன செய்வீங்க? இருக்கிற சர்வரையே ரெண்டு ஷிஃப்ட்ல ஓட்டுவீங்க. ராஜாஜி அரசும் அதைத்தான் செய்தது.

1953 ஜூனில் வந்த அந்தத் திட்டத்துக்கு அரசு வைத்த பெயர் வெறும் 'மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்'. அதன்படி ஒரு பிள்ளை தினமும் 5 மணி நேரம் படித்தது 3 மணி நேரமாகக் குறைந்தது. காலையில் ஒரு அணி, பிற்பகலில் இன்னொரு அணி. அதே கட்டடம், அதே ஆசிரியர். ஒரு செங்கல் கூட வைக்காமல் பள்ளியின் கொள்ளளவு இரட்டிப்பாகிறது. ஆசிரியருக்கு மட்டும் 5 மணி நேர வேலை 6 மணி நேரம் ஆகிறது.

இன்னொரு காரணமும் இருந்தது. ஏழைக் குடும்பம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாததற்குக் காரணம், அந்தப் பிள்ளையின் உழைப்பு வீட்டுக்கும் வயலுக்கும் தேவைப்பட்டது. பாதி நாளை வீட்டுக்கே விட்டுவிட்டால் மீதி நாளுக்காவது பிள்ளை வருமே என்று நினைத்தார்கள்.

இதுவரைக்கும் கேட்டா நியாயமாத்தான் தெரியுது, இல்லையா? ஷிஃப்ட் முறைப் பள்ளிங்கிறது உலகத்துல பல நாடுகள்ல நடந்திருக்கு. பிரச்சனை ஆரம்பிக்கிறது அடுத்த கேள்வியில. மீதி நேரத்துல பிள்ளை என்ன செய்யும்?

அந்த இடத்தை அவர்கள் காலியாக விட்டிருக்கலாம். விடவில்லை. பையன்கள் அப்பா வேலை செய்வதைப் பார்த்து, கூட இருந்து அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைகள் அம்மாவிடம் சமையலும் வீட்டு வேலையும் கற்க வேண்டும். கற்றுக்கொடுக்க ஆசிரியர் கிடையாது, பாடத்திட்டம் கிடையாது. அதைக் கல்வியின் பகுதி என்று அரசே எழுதி வைத்தது.

1953-ல ஒரு கிராமத்துல அப்பா தொழில்னா என்ன? பெரும்பாலும் சாதி. சலவைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை சலவை, முடிதிருத்துபவர் வீட்டுப் பிள்ளை முடிதிருத்தல், பண்ணையில் கூலி வேலை செய்கிறவர் பிள்ளை அதே பண்ணை. ஒரு ஃபார்மில் டீஃபால்ட் வேல்யூ போட்டு வைப்போமே, அது மாதிரி பிள்ளையின் எதிர்காலம் என்ற இடத்தில் அப்பாவின் சாதித் தொழில் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது.

காந்தியின் ஆதாரக் கல்வியும் இதே மாதிரிதானே என்று அப்போதே சிலர் கேட்டார்கள். 1937-ல் வார்தாவில் வடிவம் பெற்ற அந்த முறையில் கைத்தொழில் பள்ளிக்கு உள்ளே இருந்தது. எந்த வீட்டுப் பிள்ளையும் எல்லாரோடும் உட்கார்ந்து நூல் நூற்கலாம். இங்கே தொழிலைத் தேர்ந்தெடுத்தது பிறந்த வீடு.

இன்னொரு விஷயம் கவனிங்க. திட்டம் வந்தது கிராமப் பள்ளிகளுக்கு மட்டும். நகரத்துப் பிள்ளைக்குப் பழையபடி முழு நாள் படிப்பு. பிற்காலத்தில் ரெண்டு பேரும் ஒரே வேலைக்குப் போட்டி போடணும்னா யார் ஜெயிப்பாங்கன்னு கணக்குப் போட இன்ஜினியரிங் டிகிரி வேண்டாம்.

எதிர்ப்பு வெடித்தது. பெரியாரும் திராவிடர் கழகமும் களம் இறங்கினார்கள். 'குலக்கல்வித் திட்டம்' என்பது எதிர்ப்பாளர்கள் வைத்த பெயர். அரசு வைத்த பெயர் இன்று யாருக்கும் ஞாபகமில்லை. 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதுதான். ஈ.வெ.கி. சம்பத் தலைமையில் ராஜாஜி வீட்டின் முன் மறியல் நடந்தது. அதே மாதம் சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடக் கோரும் தீர்மானம் ஓட்டுக்கு வந்தபோது இரண்டு பக்கமும் 138. காங்கிரஸுக்குள்ளேயே முணுமுணுப்பு பெரிதானது.

இங்கே ஒரு திருப்பம். திட்டத்தை ஆராய பருலேகர் தலைமையில் நிபுணர் குழு போட்டார்கள். குழு திட்டத்துக்கு ஆதரவாகவே அறிக்கை கொடுத்தது! அதாவது ரிவ்யூ பாஸ். நிபுணர்கள் பார்த்த கோணத்தில் எண்கள் சரியாக வந்தன. அந்த எண்களில் வராத ஒன்றைப் பள்ளிக்கூட வாசலையே பார்த்திராத பெற்றோர் உடனே கண்டுபிடித்தார்கள். என் பிள்ளையும் என்னை மாதிரியே ஆகணுமா என்ற கேள்விதான் அது.

1954 வசந்தத்தில், உடல்நலத்தைக் காரணம் காட்டி ராஜாஜி பதவி விலகினார். ஏப்ரல் 13 அன்று காமராஜர் முதலமைச்சர் ஆனார். அவருடைய சொந்தப் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. மே 18 அன்று திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தவர் சி. சுப்பிரமணியம். அவர் ராஜாஜி அமைச்சரவையிலும் இருந்தவர், தலைமைப் போட்டியில் காமராஜரை எதிர்த்து நின்றவர்.

கதை இங்கே முடிஞ்சா அது வெறும் அரசியல் கதை. எனக்குப் பிடிச்ச பகுதி இதுக்கு அப்புறம்தான். திட்டம் போச்சு, ஆனா பிரச்சனை அப்படியே இருக்கு. அதே காலி கஜானா, அதே வயல் வேலை, அதே பசி.

காமராஜர் அரசு அதே காரணத்தை வேறு பக்கத்திலிருந்து பிடித்தது. குடும்பத்தின் வறுமைக்கு ஏற்றபடி பள்ளியைச் சுருக்குவதற்குப் பதில், வறுமையின் ஒரு பகுதியைப் பள்ளியே ஏற்றுக்கொண்டது. 1956-ல் மதிய உணவு வந்தது. 1920-லேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் முயன்று பார்த்த யோசனைதான். காசுக்கு என்ன செய்தார்கள்? ஊர்மக்களிடமே போனார்கள். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக்கு பெஞ்சு, கரும்பலகை, சீருடை, கட்டடம் என்று கொடுத்தார்கள். சில வருஷம் முன்னாடி பள்ளி நேரத்துக்காகச் சண்டை போட்ட அதே சமூகம் இப்போ பள்ளிக்கு நாற்காலி தூக்கிட்டு வருது.

இந்த விவாதம் பழசாகவும் இல்லை. 2023-ல் ஒன்றிய அரசு கொண்டு வந்த விஸ்வகர்மா திட்டத்தில், குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கவும், குறைந்தபட்ச வயதை 18-லிருந்து 35 ஆக்கவும் தமிழ்நாடு அரசு கேட்டது. 18 வயதென்றால் கல்லூரிக்குப் போக வேண்டிய வயது. அந்தக் கவலைக்கு 1953 வரை நீளும் வேர் இருக்கிறது.

இனி ஏதாவது கல்வித் திட்டம் பத்திச் செய்தி வந்தா, எத்தனை பேர் சேர்ந்தாங்கன்னு பாக்கறதோட சேர்த்து ஒண்ணு செய்ங்க. பிள்ளை வகுப்பறையில இல்லாத நேரத்துக்கு அந்தத் திட்டம் என்ன எழுதி வெச்சிருக்குன்னும் படிங்க.

உங்க தாத்தா பாட்டி யாராவது அந்த மூணு மணி நேரப் பள்ளிக்கூடத்துல படிச்சிருந்தா, அவங்ககிட்ட கேட்டு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அந்தத் தலைமுறைக்கு இப்போ எண்பது வயசு ஆகப்போகுது. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.