பாப்பாவை எந்தப் பள்ளிக்கூடத்துல போடுறது? - ஒரு காரைக்கால் கொசுவத்தி

எங்க வீட்டுல ஒரு மாசமா ஒரே பஞ்சாயத்து. பாப்பாவுக்கு வர்ற ஜூன்ல மூணு வயசு முடியுது. எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்க்கிறது?

தங்கமணி கட்சி: டவுன்ல இருக்கிற தனியார் இங்கிலீஷ் மீடியம். அம்மா கட்சி: தெருமுனை பால்வாடி. "நடந்து போயி நடந்து வரலாம், மழை வந்தா நானே தூக்கிட்டு வந்துருவேன்." புதுச்சேரியிலிருந்து போன் போட்ட அண்ணன் (பெரிய தாத்தாவோட பேரன், பிரெஞ்சு குடிமகன்) கட்சி: "பேசாம இங்க வந்துருடா. லிசேல மூணு வயசுலயே எடுத்துக்குவாங்க. ஃபீஸ் கட்டினா நம்ம பாப்பாவும் படிக்கலாம்."

ஆக மூணு வயசுக் குழந்தைக்கு மூணு பாஷை. பாப்பாவை யாரும் கேக்கல. அவ சுவத்துல கிறுக்கிட்டு இருக்கா :-)

சரி, முதல்ல தங்கமணி சொன்ன இடத்தைப் பார்ப்போம்னு ரெண்டு பேரும் போனோம். பெயர் வேண்டாம். ஏசி அறை, சுவரெல்லாம் மிக்கி மவுஸ். வாசல்ல 'இங்கே ஆங்கிலத்தில் மட்டுமே பேசவும்' என்று பலகை. உள்ளே ஒரு பொடியன் காலைப் பின்னிக்கொண்டு நிக்கிறான். "மிஸ்... ஒண்ணுக்கு..." என்கிறான். அந்த மிஸ்ஸும் நம்ம ஊர்ப் பொண்ணுதான். "இங்கிலீஷ்ல சொல்லு. மே ஐ கோ..." என்று ஆரம்பித்தார். அவன் "மே ஐ..." வரைக்கும் வந்தான். அதுக்குள்ள தரை நனைஞ்சிருச்சு.

திரும்பி வரும்போது தங்கமணி வண்டியில ஒரு வார்த்தை பேசல. எனக்கு எங்க தாத்தா ஞாபகம் வந்திருச்சு. காரைக்காலில் 'பிள்ளைக்கு எந்த பாஷை' என்பது எல்.கே.ஜி. அட்மிஷனோடு பிறந்த கேள்வி இல்லீங்க. அதுக்கு ரொம்ப வயசு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

தஞ்சாவூர் மராட்டிய அரசரிடமிருந்து 1739ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. அப்போது புதுச்சேரி கவர்னர் துய்மா. நடுவே 1760ல் ஆங்கிலேயர் பிடிப்பதும், திரும்பக் கொடுப்பதும், மறுபடி பிடிப்பதுமாக இருந்து, 1817ல் கடைசியாகப் பிரெஞ்சுக்காரரிடம் வந்து நிலைத்தது. சுற்றிலும் வெள்ளைக்காரன் சீமை, நடுவில் நாங்கள் மட்டும் பிரெஞ்சு. ஆற்றைத் தாண்டினால், வாய்க்காலைத் தாண்டினால் வேறு சர்க்கார், வேறு பாஷை. வயலும் கோயிலும் தமிழும் மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு முதல் பள்ளிக்கூடம் திண்ணைதான். விஜயதசமியன்று சேர்ப்பார்கள். மணலில் விரல் வைத்து 'அ' போட்டுப் பழக வேண்டும். பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் அதற்கு மேலே வந்து உட்கார்ந்த அடுக்கு. 1826ல் தெபாசேன் தெ ரிஷ்மோன் என்ற நிர்வாகி காலத்தில் புதுச்சேரியில் அரசுக் கல்லூரி ஆரம்பித்தார்கள். இன்றைக்கு லிசே என்று சொல்கிறோமே, அதுதான். ஆனால் முதலில் அது ஐரோப்பியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. நம்மாட்கள் உள்ளே போக நாளாச்சு. 1875ல் கல்வே சுப்புராய செட்டியார் தன் காசைப் போட்டு இந்தியப் பிள்ளைகளுக்கென்று ஒரு கல்லூரி வர வழி செய்தார்.

மூணு வயசுப் பள்ளி என்பதே உலகத்துக்குப் புதுசுதான். ஜெர்மனியில் ஃப்ரோபெல் 1840ல் வைத்த பெயர் கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைகள் தோட்டம். நம்ம எல்.கே.ஜி.யில் இருக்கிற 'கே'யும் 'ஜி'யும் அந்த ஜெர்மன் வார்த்தைதான். இங்கிலீஷ் மீடியம்னு நாம கட்டுற முதல் ஃபீஸே ஜெர்மன் பேருக்குத்தான் :-) பிரான்சில் தொழிலாளிகளின் பிள்ளைகளைப் பகலில் வைத்துக்கொள்ளும் காப்பிடங்களாக ஆரம்பித்தவை 1881ல் 'மத்தெர்னெல்' (தாய்மைப் பள்ளி) என்ற பெயரைப் பெற்றன. 2019 முதல் அங்கே மூணு வயசிலிருந்தே கல்வி கட்டாயம்.

அதே 1881ல் பிரெஞ்சு இந்தியாவுக்கும் ஒரு ஆணை வந்தது. ஒருவர் தன் சாதி, மதச் சட்டங்களை விட்டுவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம், குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். ரெனோன்சான் என்பது இவர்களைத்தான். இன்றைக்கும் எங்க பக்கம் தமிழ் மூக்கும் பிரெஞ்சுப் பேருமாகச் சிலரைப் பார்க்கலாம்.

இப்போ கேள்வி: காரைக்கால்காரனுக்குப் பிரெஞ்சு எதுக்கு? மோலியேர் படிக்கவா? ஒரே பதில்தான். சைகோன்! பிரான்ஸ் இந்தோசீனாவைப் பிடித்த பிறகு அங்கே சுங்கம், வரி வசூல், போலீஸ், கோர்ட் குமாஸ்தா வேலைக்கெல்லாம் பிரெஞ்சு தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் ஏறினார்கள். வியாபாரத்துக்குப் போனவர்கள் தனி. தென்னிந்திய முஸ்லிம்கள் 1935ல் கட்டிய மசூதி சைகோன் (இப்போது ஹோ சி மின் நகரம்) நடுவில் இன்னும் இருக்கிறது. ஆக, பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் என்பது கப்பல் டிக்கெட். இன்றைக்கு இங்கிலீஷ் மீடியத்தை அமெரிக்கா டிக்கெட்டாகப் பார்க்கிற அதே கண்.

எங்க தாத்தாவும் பெரிய தாத்தாவும் ஒரே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள். பெரியவர் 1930களில் சைகோன் போய்விட்டார். சின்னவர், அதாவது எங்க தாத்தா, காரைக்கால் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. எனக்குப் பிடித்த விஷயம், தாத்தாவின் பள்ளிக்கூடத்தில் தமிழுக்கும் ஒரு வாத்தியார் இருந்திருக்கிறார்.

இதில் ஆச்சரியமில்லை. நிரவி தெரியுமில்லையா? காரைக்கால் டவுன்லேர்ந்து சைக்கிள் மிதிச்சாப் போற தூரம். 1909ல் அங்கே பதினெட்டு வயசுப் பையன் ஒருத்தர் தமிழாசிரியராக வேலைக்கு வந்தார். பெயர் கனகசுப்புரத்தினம். பிற்பாடு பாரதிதாசன்! பிரெஞ்சு சர்க்கார் சம்பளத்தில் 37 வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்து 1946ல்தான் ஓய்வு பெற்றார். அவரே முதலில் திருப்புளிச்சாமி ஐயா என்பவரிடம் தமிழில் எழுத்துப் படித்துவிட்டு அப்புறம் மேலே போனவர்.

பிரெஞ்சுக்காரனை ரொம்பப் புகழ்றேன்னு நினைக்காதீங்க. அவன் சொந்த ஊர்லயே பிரத்தோன் (பிரான்சின் மேற்குக் கோடி) பிள்ளைகள் பள்ளியில் தாய்மொழி பேசி மாட்டினால் கழுத்தில் மரச்செருப்பைத் தொங்கவிட்டவன். அவனே கூட நம்ம ஊர்ப் பள்ளியில் தமிழுக்கு ஒரு நாற்காலி போட்டான். நம்மாட்கள் நடத்துகிற இடத்தில், 'ஒண்ணுக்கு வருது' என்று தமிழில் சொல்ல முடியவில்லை. அந்தப் பொடியனைப் பார்த்ததிலிருந்து எனக்கு இதுதான் உறுத்துது.

சரி, கதைக்கு வருவோம். 1954.

மே 7ல் தியன் பியன் பூ விழுந்தது. ஜூலையில் ஜெனீவா உடன்படிக்கை, இந்தோசீனாவில் பிரான்சின் ஆட்டம் முடிந்தது. அக்டோபர் 18ல் புதுச்சேரி பக்கம் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேர 170, வேண்டாம் என்று 8. நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. விடுதலை, கொடியேற்றம், சந்தோஷம் எல்லாம் சரி. ஆனால் பிள்ளையைப் பிரெஞ்சில் போட்ட அப்பன் கோணத்தில் பாருங்கள். சைகோன் கதவும் உள்ளூர் ஆபீஸ் கதவும் ஆறே மாசத்தில் அடுத்தடுத்து சாத்திக்கொண்டன. டிக்கெட் கையில் இருக்கு, கப்பல் இல்லை.

தாத்தாவுக்கு அப்போது 38 வயசு. எங்கப்பாவுக்கு 5. அப்பாயி சொல்வாங்க: ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்துல அப்பனும் மகனும் எதிரெதிரே உக்காந்து ஏபிசிடி எழுதுவாங்களாம். பிள்ளைக்குப் புதுப் பள்ளிக்கூடம், அப்பனுக்கு மாறிப்போன ஆபீஸ். தாத்தா வாங்கி வைத்திருந்தது தமிழ் வழியாக இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கிற புத்தகம். அது எங்க டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கு, ஓரத்திலெல்லாம் தமிழில் அர்த்தம் எழுதி. கூடவே பிரெஞ்சு சர்ட்டிபிகேட்டும். "பிரெஞ்சு சோறு போட்டுச்சு, இங்கிலீஷ் சோறு போட்டுச்சு. ரெண்டையும் புரிய வச்சது தமிழ்தான்டா" என்பாராம்.

இதற்கு ஒரு வருஷம் முன்னால், 1953ல், யுனெஸ்கோ தாய்மொழிக் கல்வி பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க மிகச் சிறந்த ஊடகம் அதன் தாய்மொழியே என்பதுதான் அதன் சாரம். தாத்தா அதைப் படித்திருக்க வாய்ப்பே இல்லை. அரிக்கேன் வெளிச்சத்துல அவரே கண்டுபிடிச்சிட்டார்.

கதை அதோடு முடியவில்லை. ஒப்பந்தம் 1956 மே 28ல் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்ற ஒப்புதல் இழுத்து, 1962 ஆகஸ்ட் 16ல்தான் அமலுக்கு வந்தது. அதில் ரெண்டு ஷரத்து எங்க வீட்டை ரெண்டாகப் பிரித்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியராகிவிடுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுக்கணும். அப்பா எடுக்கும் முடிவு பதினெட்டு வயசுக்குட்பட்ட, கல்யாணமாகாத பிள்ளைகளையும் கட்டும்.

சும்மா இருந்தால் இந்தியர், கையெழுத்துப் போட்டால் பிரெஞ்சு. அவ்வளவுதான்.

சைகோனிலிருந்து திரும்பியிருந்த பெரியவர் கையெழுத்துப் போட்டார். எங்க தாத்தா போடவில்லை. அப்பாவுக்கு அப்போ 13 வயசு. அவரை யாரும் கேக்கல. (பாப்பா சுவத்துல கிறுக்கிட்டு இருக்கான்னு மேலே சொன்னேன்ல?)

யார் ஜெயிச்சாங்கன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. பெரியவர் குடும்பத்தில் பென்ஷன் வந்தது, பிள்ளைகள் லிசேயில் படித்தார்கள், பாதிப்பேர் பாரிஸ் பக்கம் நல்லா இருக்காங்க. நாங்க இங்கேயே மின்துறை, ரேஷன் கார்டு, மாங்கனித் திருவிழான்னு இருக்கோம். குறை ஒண்ணும் இல்லை. ஆனால் ஒண்ணு மட்டும் மனசுல நிக்குது. அப்பாயி படுத்த படுக்கையா இருந்தப்ப, பாரிஸ்லேர்ந்து பெரியவர் பேத்தி பார்க்க வந்தா. தங்கமான பொண்ணு. ரெண்டு மணி நேரம் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அப்பாயி என்னென்னமோ சொன்னாங்க. அந்தப் பொண்ணு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தா. நான் என் ஓட்டை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தேன். பாதி சொல்ல வரல. வீட்டில் தமிழ் விடாமல் பேசுகிற பிரெஞ்சுக் குடும்பங்களும் நிறைய இருக்கு, அதையும் சொல்லணும். பாஷை தொலைஞ்சது பள்ளிக்கூடத்தால் மட்டும் இல்லை, வீட்டில் விட்டதாலும்தான்.

இப்போ நிலவரத்துக்கு வருவோம். புதுச்சேரிக்கென்று தனிப் பாடத்திட்ட வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலும், மாஹே கேரளாவிலும், ஏனாம் ஆந்திராவிலும் ரொம்ப காலம் ஒட்டிக்கொண்டிருந்தன. சமீபத்தில்தான் அரசுப் பள்ளிகள் படிப்படியாக சி.பி.எஸ்.இ.க்கு மாறின. எங்க பக்கம் பல அரசுப் பள்ளிகளிலேயே எல்.கே.ஜி., யு.கே.ஜி. உண்டு. 2020ன் தேசியக் கல்விக் கொள்கை முடிந்தவரை ஐந்தாம் வகுப்பு வரையாவது தாய்மொழியில் சொல்லிக்கொடு என்கிறது. மூணு கி.மீ. சுற்றளவில் கிடைப்பதெல்லாம் இங்கிலீஷ் மீடியம். கொள்கை ஒரு பக்கம், வேன் ஒரு பக்கம் போகுது.

ஒவ்வொரு தலைமுறையிலும் நம்மாட்கள் பிள்ளைக்குப் பள்ளி தேடவில்லை. எந்த சர்க்கார் நிலைக்கும், எந்தக் கப்பல் கிளம்பும் என்று ஜோசியம் பார்த்திருக்கிறார்கள். தப்பு சொல்ல மாட்டேன், பசி அப்படி. ஆனா ஜோசியம் 1954ல பலிக்கல. இன்னும் இருபது வருஷத்துல என்ன பாஷை சோறு போடும்னு எனக்கு மட்டும் தெரியுமா? நாளைக்கு எதையும் புதுசா கத்துக்க ஒரு அடித்தளம் வேணும். தாத்தாவுக்கு அது இருந்துச்சு.

கடைசியில் நாங்க முடிவு பண்ணினது, வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு சின்ன அரசுப் பள்ளியோட எல்.கே.ஜி. புத்தகம் இங்கிலீஷ்தான். ஆனா டீச்சர் கதை சொல்றது, அதட்டுறது, மூக்கு சிந்தி விடுறது எல்லாம் தமிழ்ல. நாங்க போயிருந்தப்ப ஒரு குட்டி எழுந்து, "டீச்சர், ஒண்ணுக்கு"ன்னுச்சு. "போயிட்டு வா கண்ணு"ன்னாங்க. தங்கமணி என்னைப் பார்த்தாங்க. அவ்வளவுதான், பஞ்சாயத்து முடிஞ்சுது.

புதுச்சேரி அண்ணனுக்கு போன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "லீவுக்கு இங்க அனுப்பு, நான் பிரெஞ்சு சொல்லித் தரேன். பதிலுக்கு உங்கம்மா என் பேரனுக்குத் தமிழ்ல கதை சொல்லட்டும்" என்றார்.

அறுபது சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு தாத்தாவும் இப்படி ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கலாம்.

டிஸ்கி: அம்மா இன்னும் பால்வாடிதான் கிட்டன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க. ரெண்டு தெரு ஜாஸ்தியாம் :-)