கௌல் காத்த பறவைகளும் தவறும் மழையும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் பாதிப் பாடத்தில் மணி அடித்துவிடும். இங்கே மணி இல்லை, எனவே பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் செய்யூரிலிருந்து மதுராந்தகம் வழியாகப் போனால் வேடந்தாங்கல். உங்களில் பாதிப் பேராவது அங்கே போயிருப்பீர்கள். தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடர்களின் தாங்கல் என்ற பெயர் கொண்ட ஊர், வேட்டைக்கு எதிராக எழுந்து நின்றதுதான் இந்த வரலாற்றின் அழகு.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் பகுதியை 'ஜாகீர்' என்று அழைத்தார்கள். ஆர்க்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த சீமை. அதற்குக் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். ஆம், மதுராந்தகம் 'ஏரி காத்த ராமர்' கதையில் மழை இரவில் கரையைப் பார்க்கப் போனாரே, அதே பிளேஸ் துரைதான். அந்த நாளில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து, வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டிய பறவைகளைப் பொழுதுபோக்காகச் சுட்டார்கள். ஊரார் பொறுக்கவில்லை. கலெக்டரிடம் முறையிட்டு, 1798இல் ஒரு 'கௌல்' வாங்கினார்கள். கௌல் என்றால் சர்க்கார் கொடுக்கும் உறுதிப் பத்திரம். இனி இங்கே யாரும் பறவையைச் சுடக்கூடாது! பிறகு அந்தக் காகிதம் தொலைந்துபோக, ஊரார் சும்மா இருக்கவில்லை. 1858இல் மறுபடியும் எழுதி வாங்கினார்கள். அறுபது வருடம் கழித்து, பேரப்பிள்ளைகள் காலத்திலும், அந்த உரிமையை நினைவில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள் பாருங்கள். கானுயிர்ச் சட்டம் 1972இல்தான் வந்தது.

இதைக் கருணை என்று மட்டும் நினைக்க வேண்டாம். கணக்கும் இருந்தது. ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் ஆயிரக்கணக்கில் கூடுகள். எச்சமெல்லாம் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போனால் தழைச்சத்தும் மணிச்சத்தும் கூடவே போகும். யூரியா மூட்டை வராத காலத்தில் இது எவ்வளவு பெரிய வரவு! தீபாவளிக்கு அந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை என்பதும் இந்த உறவின் தொடர்ச்சிதான்.

ஒரு விஷயத்தைத் திருத்திச் சொல்ல வேண்டும். 'எல்லாம் சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள்' என்று பலர் சொல்வார்கள். அப்படியில்லை. அங்கே கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் எல்லாம் பெரும்பாலும் நம் நாட்டுப் பறவைகளே. வட ஆசியாவிலிருந்து வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் குளிர்காலத்தைக் கழிக்க வரும் விருந்தாளிகள். அவை இங்கே முட்டையிடுவதில்லை.

கூடு கட்டும் பறவைகளுக்கு நாள்காட்டி எது? வடகிழக்குப் பருவமழைதான். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிறைய வேண்டும். மரத்தடியில் தண்ணீர் நின்றால்தான் பூனையும் நரியும் கூட்டை அண்டாது. சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும் மீனும் நத்தையும் தவளையும் இருந்தால்தான் குஞ்சு வளரும். குஞ்சு பறக்கிற வரை, அதாவது மாசி, பங்குனி வரை, தண்ணீர் நிற்கவும் வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அந்த வருடத்துத் தலைமுறை போயிற்று.

2015இல் வெள்ளம். அடுத்த ஆண்டே, 2016இல், வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் சராசரியைவிட 62 சதவீதம் குறைந்தது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. பஞ்சம் நமக்குப் புதிதல்ல. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்துக்குப் புவி வெப்பமாதலைக் காரணம் சொல்ல முடியாது. ஒவ்வொரு வறட்சியையும் அதன் தலையில் கட்டுவதும் சரியல்ல. ஆனால் சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும். பெய்தால் ஒரே அடியாகக் கொட்டும். கொட்டிய மழை கலங்கல் வழியாக ஓடிவிடும். மாதம் முழுவதும் நிதானமாகப் பெய்யும் மழைதான் ஏரிக்கு ஆகும். வரத்துக் கால்வாய் தூர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

கனடாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதே கதை வேறு உருவில் தெரிந்திருக்கும். அங்கே கரிபூ என்னும் பனிமான். வசந்தத்தில் புல் துளிர்க்கும் நேரத்துக்குத்தான் அது குட்டி போடும். இப்போது சூடு கூடித் துளிர் முந்திவிடுகிறது. குட்டி பிறக்கும்போது நல்ல தீவனம் முற்றிப்போகிறது. குளிர்காலத்தில் பனிமேல் மழை பெய்தால், அது உறைந்து பாறையாகி, அடியிலுள்ள பாசிக்காளானை எட்ட விடாது. ரஷ்யாவின் யமால் பகுதியில் 2013 நவம்பரில் அப்படிப் பெய்த மழைக்குப் பின் சுமார் 61,000 பனிமான்கள் பட்டினியில் மடிந்தன. ஆர்க்டிக் முழுவதும் இருபது ஆண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை 47 லட்சத்திலிருந்து 21 லட்சமாகக் குறைந்தது என்று 2018இல் கணக்கிட்டார்கள். அங்கே சுரங்கமும் சாலையும் சேர்ந்துகொள்கின்றன. இங்கே ஆக்கிரமிப்பு.

அதனால்தான் 2020இல் சரணாலய எல்லையைச் சுருக்கும் பேச்சு எழுந்தபோது எனக்குக் கோபம் வந்தது. பெரிய எதிர்ப்பும் கிளம்பியது. ஏரி ஏறக்குறைய 30 ஹெக்டேர்தான். ஆனால் 1998 அறிவிப்பு சுற்றிலும் 5 கிலோமீட்டரைச் சேர்த்திருக்கிறது. ஏன்? பறவை தூங்குவது ஏரியில், சாப்பிடுவது அந்த ஐந்து கிலோமீட்டரிலும் அதற்கு அப்பாலும். படுக்கையறையை வைத்துக்கொண்டு சமையலறையை இடிப்பார்களா? 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. மகிழ்ச்சி. ஆனால் பட்டியல் மழையைக் கொண்டுவராது.

மழை குறைந்த வருடத்தில் மதகைத் திறப்பதா, குஞ்சுகள் பறக்கும் வரை மூடி வைப்பதா? 1798இல் ஊரார் எதிர்கொண்டது துப்பாக்கியை. அதற்குக் கௌல் போதுமானதாக இருந்தது. இந்தக் கேள்வியில் ஒரு பக்கம் பறவை, மறுபக்கம் அதே பறவையைக் காத்த விவசாயியின் நெற்பயிர். விவசாயிக்கு நஷ்ட ஈடு கொடுத்துத் தண்ணீரை நிறுத்தலாம் என்பது என் கருத்து. நம் மாணவர்களில் வேளாண்மைத் துறையிலும் பொதுப்பணித் துறையிலும் இருப்பவர்கள் உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள்.

மார்கழி, தை மாதங்களில் போவதானால் மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது. குழந்தைகளையும் கூட்டிப் போங்கள்.