ஆற்றில் மீனைச் சாகடித்ததும் நுண்ணுயிர், ஆற்றைக் காப்பாற்றியதும் நுண்ணுயிர்: ஆலைக் குளங்கள் சொல்லும் வரலாறு



ஆறாம் ஆண்டு அறிவியலில் நுண்ணுயிர் பாடம் எடுக்கும்போது பிள்ளைகள் சொல்லும் நன்மைகள் உங்களுக்கே தெரியும்: தயிர், ரொட்டி, தோசை மாவு, மருந்து. "தண்ணியைச் சுத்தம் பண்ணும்" என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நம் தோட்டப்புறங்களில் அந்த வேலை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. அதை இம்மாதம் வரலாறாகவே பார்ப்போம். அறிவியல் பாடத்துக்கும் உதவும், நம் தாத்தா பாட்டிகளின் கதைக்கும் உதவும்.

பாட்டி சொன்ன "மருந்து"

தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களிடம் அந்தக் காலத்து ஆற்றைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். என் பாட்டி சொல்வார்: "ஆத்துல மீனு மல்லாந்து கெடக்கும். தண்ணி காப்பி மாதிரி ஓடும். ஆலைக்காரன் மருந்து உட்டுட்டான்னு பேசிக்குவோம்."

ஆலையிலிருந்து வந்தது மருந்து இல்லை. செம்பனைக் குலையை நீராவியில் வேக வைத்து, பழத்தைப் பிழிந்து, எண்ணெயைப் பிரிக்கிறார்கள். எண்ணெய் எடுக்க நச்சு இரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை. 1 டன் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை டன் கழிவு நீர் வெளியாகும். சூடாக, புளிப்பாக, எண்ணெய்ப் பிசுக்கும் பழச்சக்கையும் கலந்து பழுப்பாக இருக்கும். சுருக்கமாகச் சொன்னால், அது சாப்பாட்டுக் கழிவு.

பிறகு மீன் ஏன் செத்தது? ஆற்றில் இருக்கும் பாக்டீரியாவுக்கு அது விருந்து. தின்னத் தின்ன அவை பெருகும், பெருகப் பெருகத் தண்ணீரில் கரைந்துள்ள உயிர்வளியை இழுத்துக்கொள்ளும். நம் ஊர் வெப்பத்தில் 1 லிட்டர் ஆற்று நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் உயிர்வளிதான் கரைந்திருக்கும். சுத்திகரிக்காத ஆலைக் கழிவு 1 லிட்டரைச் சிதைக்கப் பாக்டீரியாவுக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம் உயிர்வளி வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 லிட்டர் கழிவு, 3,000 லிட்டர் ஆற்று நீரின் உயிர்வளியைக் காலி செய்துவிடும். மீன் விஷத்தால் சாகவில்லை, மூச்சு முட்டிச் செத்தது.

இந்த அளவுக்கு ஒரு பெயர் உண்டு: உயிர்வேதி உயிர்வளித் தேவை. சட்டம் பிடித்துக்கொண்டது இந்த எண்ணைத்தான்.

ரப்பரிலிருந்து செம்பனைக்கு

இந்தக் கதையின் தொடக்கம் நம் மலாக்காவிலேயே இருக்கிறது. 1896-இல் தான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக ரப்பர் தோட்டங்கள் பெருகியதற்கு அது வழிகாட்டியது. அதன்பின் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் உழைப்பில் தோட்டங்கள் வளர்ந்தன. ரப்பர்ப் பாலைக் காடி ஊற்றி உறைய வைத்தபின் மிஞ்சும் தண்ணீரும் சர்க்கரையும் புரதமும் நிறைந்தது. அந்த நாற்றம் தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் மறக்காது.

வணிகச் செம்பனை 1917-இல் கோலசிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது. ஆனால் 1960-களில் ரப்பர் விலை ஆட்டம் கண்ட பிறகுதான் செம்பனை வேகமாகப் பரவியது. பால்மரம் வெட்டியவர்கள் குலை வெட்டக் கற்றுக்கொண்டார்கள். ஆலைகள் பெருகின. கழிவு நேராக ஆற்றுக்குப் போனது. 1970-களின் பிற்பகுதியில் ஆலைகளின் மாசு, ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் கழிவுக்குச் சமமாக இருந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஆற்றில் குளித்து, துணி துவைத்து, மீன் பிடித்தவர்களில் நம் தோட்டத்து மக்களும் கம்பத்து மலாய்க்காரர்களும் இருந்தார்கள்.

சட்டம் வந்தது, குளம் வந்தது

1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் நிறைவேறியது. 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்று தனி விதிமுறை வந்தது, 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கு. ஒரேயடியாக "நிறுத்து" என்று சொல்லாமல் படிப்படியாக இறக்கினார்கள். ஆற்றில் விடும் நீரில் 1 லிட்டருக்கு அனுமதித்த உயிர்வளித் தேவை இப்படிக் குறைந்தது:

1978: 5,000 மில்லிகிராம்
1979: 2,000
1980: 1,000
1981: 500
1982: 250
1984: 100

அதோடு மாசின் எடைக்கு ஏற்ப உரிமக் கட்டணமும் கட்ட வேண்டும். டன்னுக்கு 10 வெள்ளி, வரம்பைத் தாண்டிய டன்னுக்கு 100 வெள்ளி.

25,000-ஐ 100-க்கு எப்படி இறக்குவது? ஆராய்ச்சியாளர்களும் ஆலைகளும் தேர்ந்த வழி, ஆற்றில் மீனைச் சாகடித்த அதே வகை நுண்ணுயிர்களுக்குத் தனி இடம் கொடுப்பதுதான். ஆலைக்குப் பின்னால் வரிசையாகக் குளங்கள் வெட்டினார்கள். முதலில் கழிவு ஆறும், எண்ணெய் வழித்தெடுக்கப்படும். அடுத்து ஆழமான, காற்றுப் புகாத குளங்கள். அங்கே ஒரு கூட்டம் கொழுப்பையும் மாவுச்சத்தையும் அமிலமாக உடைக்கும். இன்னொரு கூட்டம் அதை மீத்தேன் வாயுவாக மாற்றும். பெரும்பகுதி மாசு அங்கேயே கழிந்துவிடும். பிறகு ஆழமில்லாத குளங்களில் காற்றும் வெயிலும் பட, உயிர்வளி தேவைப்படும் பாக்டீரியாக்கள் மிச்சத்தை முடிக்கும். எல்லாம் முடியப் பல வாரங்கள் ஆகும்.

1978-க்கும் 1984-க்கும் இடையே நாட்டின் செம்பனை எண்ணெய் உற்பத்தி ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஆற்றுக்குப் போன மாசோ மிகப் பெரிய அளவில் குறைந்தது.

பாக்டீரியா மாறவில்லை. மாறியது இடமும் நேரமும், கண்காணிக்கும் சட்டமும். "நுண்ணுயிர் நல்லதா கெட்டதா?" என்று கேட்கும் பிள்ளைக்கு இதுதான் நேர்மையான பதில்.

குறையும் உண்டு. திறந்த குளத்தின் மீத்தேன் பல ஆண்டுகள் சும்மா வானத்துக்குப் போனது. அது கரிவளியைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. 2014 முதல் புதிய ஆலைகள் அதைப் பிடித்துவைக்க வேண்டும் என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் விதித்தது. குளம் தூர்ந்துபோனாலும் கரை உடைந்தாலும் கழிவு பழையபடி ஆற்றுக்குத்தான் போகும்.

கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்

ஆறு கெட்டால் கண்ணுக்குத் தெரியும். நிலத்தடி நீர் கெட்டால்? மலாக்காவில் 1991-இல் டுரியான் துங்கால் அணை வற்றி, மக்கள் வாளியோடு தண்ணீருக்குக் காத்து நின்றதை உங்களில் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். கிணற்றின் அருமை அப்போதுதான் நமக்குப் புரிந்தது. குருபோங் பக்கம் இருப்பவர்களுக்குப் பழைய குப்பைமேடும் தெரியும். அடியில் தகுந்த தடுப்பு இல்லாத எந்தக் குப்பைமேட்டிலும் மழைநீர் அழுக்கோடு மண்ணுக்குள் இறங்கக்கூடும்.

மண்ணுக்கடியிலும் பாக்டீரியா இருக்கிறது. 1972-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆம்ப்ளர் என்ற ஊரில், குழாயிலிருந்து கசிந்த பெட்ரோல் நிலத்தடி நீரில் கலந்திருந்தது. ரிச்சர்ட் ரேமண்ட் என்ற ஆய்வாளரின் குழு வெளியிலிருந்து பாக்டீரியா கொண்டுவரவில்லை. கிணறுகள் வழியாகக் காற்றையும் நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்தையும் உள்ளே செலுத்தியது. அங்கேயே இருந்தவை பெட்ரோலைத் தின்னத் தொடங்கின. 1974-இல் அந்த முறைக்குக் காப்புரிமை கிடைத்தது.

குளத்தில் நடந்ததும் இதுவும் ஒரே பாடம். ஆனால் நிலத்தடியில் வேலை மெதுவாக நடக்கும், ஆண்டுக்கணக்கில் ஆகும், சோதனைக் கிணறு போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களை எந்தப் பாக்டீரியாவாலும் தின்று இல்லாமல் ஆக்க முடியாது, வடிவத்தை மாற்றத்தான் முடியும். "எல்லாம் நுண்ணுயிர் பாத்துக்கும்" என்று குப்பை கொட்ட இது அனுமதிச் சீட்டு ஆகாது.

வகுப்பறைக்கு

இரண்டு போத்தல்களில் குளத்து நீரோடு அரிசி கழுவிய தண்ணீரைச் சம அளவில் ஊற்றுங்கள். ஒன்றில் மீன் தொட்டிக் காற்றுக்குழாயைப் போடுங்கள், மற்றதைச் சும்மா விடுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு சேரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து நிறத்தையும், தூரத்திலிருந்து மெல்ல முகர்ந்து நாற்றத்தையும் பிள்ளைகள் ஒப்பிட்டு எழுதட்டும்.

கூடவே ஒரு வீட்டுப்பாடம்: தோட்டத்தில் வாழ்ந்த ஒரு பெரியவரிடம் மூன்று கேள்வி. ஆத்துத் தண்ணி எப்படி இருந்துச்சு? எந்த வருசம் மாறுச்சு? ஆலைக் குளத்துல யாரு வேலை செஞ்சாங்க? குளம் வெட்டியவர்களின், சேறு அள்ளியவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி வருகின்றன, பெரியவர்களும் குறைந்து வருகிறார்கள். பதில்களை எழுதிப் பள்ளியில் ஒரு கோப்பில் வையுங்கள்.