பல்லாவரத்தின் தொன்மைச் சான்றுகளும் எழும்பூர் அருங்காட்சியகமும்

முன்னுரை

கொட்டிவாக்கம், திருவான்மியூர் முதலிய தென்சென்னைக் கடலோர ஊர்களுக்கு மேற்கே, திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் பல்லாவரம். வெள்ளிக்கிழமைதோறும் பழைய டிரங்க் சாலையில் கூடும் சந்தையே இன்று பலரும் அறிந்த அதன் அடையாளம். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு தொடங்கிய இடமும் இவ்வூரே. இங்குக் கிடைத்த சான்றுகளுக்கும் ஊர்மக்களுக்கும் இடையே நேர்ந்த பிரிவை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூன்று காலச் சான்றுகள்

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட் 1863 மே 30 அன்று, பல்லாவரப் படைமுகாம் பகுதியில் சரளைமண் வெட்டிய குழியொன்றில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். பிரான்சின் சோம் ஆற்றுப் படிவுகளில் கிடைத்த கைக்கோடரிகள் மனிதன் செய்தவையே என்பதை ஆங்கிலேய அறிஞர்கள் 1859இல் ஏற்றிருந்தனர். நான்கே ஆண்டுகளில் அவ்வுண்மை இந்திய மண்ணிலும் உறுதிப்பட்டது.

அடுத்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாண்டர் ரீ இவ்வூரின் பெருங்கற்கால ஈமக்களங்களை அகழ்ந்து, கால்களுடன் கூடிய சுடுமண் ஈமப்பேழைகளை வெளிக்கொணர்ந்தார். மூன்றாவது சான்று, முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்கள் பொறிக்கப்பெற்ற குடைவரை. அது இன்று தர்காவாக மக்கள் வழிபாட்டில் உள்ளது.

சந்தையும் அருங்காட்சியகமும்

1851இல் தொடங்கப்பெற்ற சென்னை அரசு அருங்காட்சியகத்திற்காக, பூட் திரட்டிய தொல்பொருள்களை 1904இல் சென்னை அரசு விலைக்கு வாங்கியது. அவர் 1912இல் மறைந்தபின், அவற்றின் விளக்க அட்டவணை 1914இலும் 1916இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. கருவிகள் கிடைத்த இடங்களை அவ்வட்டவணை பதிவு செய்கிறது.

இப்பதிவின் அருமையைப் பல்லாவரச் சந்தையோடு ஒப்பிட்டு உணரலாம். சந்தைக்கு வரும் பழம்பொருள் எவர் வீட்டிலிருந்து வந்தது என்பதை எவரும் வினவுவதில்லை. பயனும் விலையுமே அதன் மதிப்பு. அருங்காட்சியகத்திலோ கிடைத்த இடம் அறியப்படாத கற்கருவி ஆய்வுக்குப் பெரிதும் பயன்படாது. எனவே பொருளை எழும்பூருக்குக் கொண்டு சென்றது இழப்பன்று, அது பாதுகாக்கப்பட்டது. ஊர்ப்பெயர் அட்டவணைக்குள் தங்கி, ஊருக்குத் திரும்பாமையே இழப்பு.

சுமையும் உரிமையும்

பல்லாவர ஈமக்களங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 2010ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெறல் வேண்டும். நெருங்கிய குடியிருப்புப் பகுதியில் வீடு கட்டவும் விரிவாக்கவும் இயலாத மக்களுக்கு, தொன்மை என்பது தடையாகவே அறிமுகமாகிறது. எதைக் காப்பதற்காகத் தாம் விட்டுக்கொடுக்கின்றனர் என்பதை அவர்கள் தம் ஊரிலேயே காண வாய்ப்பு வேண்டும்.

பூட் 1863 செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் சென்று கண்டறிந்த அதிரம்பாக்கத்திற்கு அருகில், பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் உள்ளது. அதுபோன்றதொரு சிறு காட்சிக்கூடம் பல்லாவரத்திற்கும் பொருந்தும். மூலப்பொருள்கள் எழும்பூரிலேயே இருக்கலாம். படிகள், நிலவரைபடம், கண்டெடுப்பு வரலாறு ஆகியன ஊரில் இடம்பெறலாம்.

முடிவுரை

பல்லாவரமும் எழும்பூரும் ஒரே புறநகர் இரயில் தடத்தில் உள்ளன. எனினும் ஊரின் வரலாறு ஊர்மக்களைச் சென்றடையவில்லை. தொல்லிடப் பாதுகாப்பு, சட்டத்தால் மட்டும் நிலைபெறாது. அருங்காட்சியகம் காத்துவைத்த இடப்பதிவுகளைப் பல்லாவர மக்களிடமே கொண்டுசேர்ப்பது அப்பாதுகாப்பின் இன்றியமையாத பகுதி என்பது இக்கட்டுரையின் துணிபு.